கவறும் கணக்கும் மந்திரமும்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

     

யாம் கல்லூரி வாயிலைக் கண்டவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வில் தேறி, சில ஆண்டுகள் அலைந்து, பின்னர் இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தோம். பயணிகளை ஏற்றிச் செல்லும் இரயில் ஒன்றேனும் ஓடாத இத்தீவில் இரயில்வே எழுத்தர் என்று ஒருவர் இருப்பதைக் கண்டு நண்பர்கள் நகைப்பதுண்டு. நகைக்கட்டும். 2024 வரை போர்ட் பிளேர் என்று பெயர் தாங்கியிருந்த இந்த ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சென்னை 1,300 கிலோமீட்டருக்கும் மேல். அக்கரை சேர்ந்தபின் திருச்சிக்கும் நெல்லைக்கும் விசாகப்பட்டினத்திற்கும் செல்ல வேண்டியவர்களுக்கு இக்கரையிலேயே சீட்டுப் பதிவு செய்து தருவது எம் தொழில். கிடைக்குமா, கிடைக்காதா என்னும் கேள்வியை நாள்தோறும் நூறு முறை கேட்கும் தொழில் அது. ஆகவே ‘வாய்ப்பு’ என்னும் பொருளைப் பற்றிப் பேச எமக்கும் ஒரு சிறு உரிமை உண்டென்று கருதுகிறோம்.

இவ்வுரை பிறந்த கதையை முதலில் கூறிவிடுகிறோம். ஆண்டு விழாப் போட்டிகளில் தாயத்தையும் சேர்க்க வேண்டும் என்று மகளிர் அணியினர் கேட்டனர். அதே வேளையில், சென்னையில் பொறியியல் படிக்கும் எம் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு புதுவகைப் படையாட்டத்தைக் கொணர்ந்தான். மேசைமீது சிறு சிறு வீரர்கள்; நடுவே மந்திரவாதிகள்; கைநிறைய அறுமுகப் பகடைகள். குடியிருப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் எம் வீட்டுத் திண்ணையில் கூடிவிட்டனர். வீரர்கள் போதாமையால் கடற்கரைச் சிப்பிகளும் படையில் சேர்ந்தன. பகடை உருளும் ஓசை தெருக்கோடி வரை கேட்டது.

செயற்குழுவில் பெரியவர் ஒருவர் எழுந்தார். “பகடை உருளும் வீட்டில் குடும்பமும் உருளும். தாயமும் வேண்டா, மந்திரமும் வேண்டா. சங்கக் கட்டடத்திற்குள் பகடை நுழையவே கூடாது” என்றார். அவர் எம்மினும் மூத்தவர். எம் நலம் நாடுபவர். அவர் அச்சத்தில் பாதி உண்மை என்பதை யாம் பட்டு அறிந்திருக்கிறோம். மறுபாதியைப் பற்றிப் பேசவே இன்று வந்தோம்.

கவறு என்னும் பழஞ்சொல்

பகடைக்குப் பழந்தமிழில் கவறு என்று பெயர். கீழடி அகழாய்வில் தந்தத்தாலான பகடைக்காய் கிடைத்துள்ளது. வைகைக் கரையில் வாழ்ந்த நம் முன்னோர் உழுதனர், நெய்தனர், எழுதினர். ஓய்ந்த பொழுதில் கவறும் உருட்டினர். திருவள்ளுவர் சூது என்று ஓர் அதிகாரமே வகுத்துப் பத்துக் குறட்பாக்களில் அதனைக் கண்டித்தார். அவர் காலத்தில் கழகம் என்னும் சொல்லுக்குச் சூதாடும் இடம் என்பதும் ஒரு பொருள். இன்று நம் மன்றங்களும் அமைப்புகளும் அப்பெயரைத் தாங்கிப் பெருமையோடு நடக்கின்றன. சூதாட்டம் வெளியேறியது, சொல் உயர்வு பெற்றது. கவற்றுக்கும் அத்தகைய விடுதலை ஏன் கூடாது என்பதே எம் கேள்வி.

கவறும் மந்திரமும் ஒன்று சேர்ந்த கதை நமக்குப் புதிதன்று. நளன் கதையை நினைவுகூருங்கள். பாரதத்தில் வரும் அக்கதையைப் புகழேந்திப் புலவர் வெண்பாவில் பாடித் தமிழர் நெஞ்சில் பதித்தார். சூதில் நாடிழந்து, மனைவியைப் பிரிந்து, உருவும் மாறிய நளன், அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியானான். விதர்ப்ப நாட்டிற்குத் தேர் விரையும் வழியில் ஒரு தான்றி மரம். அம்மன்னன் அதனை நோக்கி, இரண்டு கிளைகளில் மட்டும் 2,095 காய்கள் உள்ளன என்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. ‘எனக்குக் கவற்றின் உள்ளமும் தெரியும், எண்ணின் திறமும் தெரியும்’ என்னும் கருத்துப்பட மன்னன் விளக்குகிறான். நளன் குதிரையின் உள்ளத்தை அறிந்த கலையைக் கொடுத்துக் கவற்றின் கலையைப் பெறுகிறான். அக்கணமே அவனைப் பற்றியிருந்த கலி நீங்குகிறான்.

தான்றிக் காயைத்தான் பண்டை நாளில் கவறாக உருட்டினர் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணுங்கள். மரத்தின் கிளையைக் கண்டு காயின் எண்ணிக்கையை உரைத்த திறத்தையும், கவற்றை ஆளும் திறத்தையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்கள். கனடா நாட்டு அறிஞர் இயன் ஹேக்கிங், வாய்ப்பியலின் தோற்றத்தைப் பற்றி 1975-இல் வெளியிட்ட நூலில் இக்கதையை வியந்து எடுத்துக்காட்டினார். நளனைக் கலி பற்றியபோது அவன் கையில் கவறு இருந்தது, கணக்கு இல்லை. கணக்கு வந்தது, கலி போயிற்று. யாம் இக்கதையிலிருந்து கொள்ளும் பொருள் இதுவே.

தாயக்கட்டையின் கணக்கு

இனி நம் வீட்டுத் தாயத்திற்கு வருவோம். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிற்கும் நான்கு பக்கங்கள்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, வெறுமை. இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. முதற்கட்டை நான்கு வகையாக விழலாம். அவை ஒவ்வொன்றோடும் இரண்டாங்கட்டை நான்கு வகையாக விழலாம். ஆக மொத்தம் 16 வகை. தாய்மார்கள் விரல்விட்டே எண்ணலாம்.

தாயம் என்னும் ஒன்று விழ 2 வகை. இரண்டு விழ 3 வகை. மூன்று விழ 4 வகை. நான்கு விழ 3 வகை. ஐந்து விழ 2 வகை. ஆறு விழ ஒரே வகை. பன்னிரண்டு விழவும் ஒரே வகை. கூட்டிப் பாருங்கள், 16 வரும்.

இதிலிருந்து பல செய்திகள் விளங்குகின்றன. தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆகவே காயை இறக்க முடியாமல் ஒரு குழந்தை எட்டு வீச்சுகள் காத்திருந்தால் அதன் கையைக் குறை சொல்லாதீர்கள். எட்டு வீச்சிலும் தாயம் விழாமல் போவது நூற்றுக்கு 34 முறை நேரும். மூவர் ஆடினால் அவருள் ஒருவருக்கு அந்நிலை வருவது இயல்பே. எம் குடியிருப்பில் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றிற்கு மறுவீச்சு உண்டு. அவற்றின் வகைகளைக் கூட்டினால் 6. அதாவது எட்டில் மூன்று பங்கு.

பகைவன் காய்க்கு முன்னால் நம் காயை எங்கே நிறுத்துவது? மூன்று கட்டம் தள்ளி நிறுத்தினால் ஒரே வீச்சில் வெட்டுப்படும் வாய்ப்பு பதினாறில் நான்கு. ஆறு கட்டம் தள்ளி நிறுத்தினால் பதினாறில் ஒன்றே. ஏழு கட்டம் தள்ளிவிட்டால் ஒரே வீச்சில் எட்டவே முடியாது; ஐந்து விழுந்து மறுவீச்சில் இரண்டு விழ வேண்டும், அல்லது அதுபோன்ற வேறு இணைகள் கூட வேண்டும். எம் அன்னையார் எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் பகைக்காய்க்கு மூன்று கட்டத்தில் தம் காயை ஒருநாளும் நிறுத்தியவர் அல்லர். ‘மூன்று பொல்லாதது’ என்பார். பதினாறில் நான்கு என்னும் கணக்கை அவர் கை அறிந்திருந்தது.

பித்தளைக் கட்டை இல்லாத வீடுகளில் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து ஆடுகிறோம். நான்கு கொட்டைகளும் நேர்மையானவை என்று கொண்டால் வெள்ளை விழும் வகைகள் 1, 4, 6, 4, 1 என்று அமையும். இரண்டு வெள்ளை மிகுதி. நான்கும் வெள்ளை அரிது. ஆனால் தேய்த்த கொட்டை நேர்மையாக விழும் என்பதற்கு யார் பிணை?

சாத்தம் மர அறுவை ஆலையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் படாக் மரத்தில் அழகிய கட்டை ஒன்று கடைந்து தந்தார். அவ்வாலை 1883-இல் தொடங்கியது. அம்மரம் இத்தீவின் பெருமை. அழகில் ஐயமில்லை, நேர்மையில் ஐயம் எழுந்தது. எம் மகனும் யாமும் 400 முறை உருட்டிக் குறித்தோம். ஒவ்வொரு பக்கமும் நூற்றை ஒட்டி வரவேண்டும். ஒரு பக்கம் 131 முறை வந்தது, மற்றொன்று 69 முறைதான் வந்தது. கட்டையை அளந்தால் ஒரு பக்கம் நெல்லளவு அகலம் கூடுதல். நண்பர் சிரித்துக்கொண்டே இழைத்துச் செம்மை செய்தார். எமக்கு முன்னரே இதனைப் பெரிய அளவில் செய்தவர் உண்டு. வெல்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1894-இல் பன்னிரண்டு பகடைகளை 26,306 முறை உருட்டிய கணக்கை முன்வைத்தார். ஐந்தும் ஆறும் மூன்றில் ஒரு பங்கினும் சற்றே கூடுதலாக விழுந்திருந்தன. கார்ல் பியர்சன் 1900-இல், கண்டதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டை அளக்கும் புதிய சோதனையை வகுத்தபோது இந்தக் கணக்கையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். மருந்தின் பயனைச் சோதிப்போரும் இன்று அச்சோதனையைக் கையாளுகின்றனர்.

படையாட்டம்

பிள்ளைகளின் படையாட்டம் அயல்நாட்டுச் சரக்கு என்று பெரியவர் கருதினார். முழுதும் அவ்வாறன்று. நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம் பாரத நாட்டில் பிறந்தது. அல்பிரூனி என்னும் பாரசீக அறிஞர் 1030-ஐ ஒட்டி எழுதிய நூலில், இந்நாட்டில் நால்வர் கூடிக் கவறு உருட்டி ஆடும் சதுரங்கத்தை வருணித்துள்ளார். எந்தப் படை நகரும் என்பதைக் கவறு முடிவு செய்தது. இன்றைய சதுரங்கமோ கவறில்லாத தூய அறிவாட்டம்.

பிரஷ்ய நாட்டுப் படையதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர் 1824-இல் வகுத்த போர்ப் பயிற்சி ஆட்டத்தில் கவறு மீண்டும் வந்தது. உண்மைப் போரில் குண்டு குறிதவறும், கட்டளை பிந்தும். அந்நிச்சயமின்மையைப் படைத்தலைவர்கள் பழகவேண்டும் என்பதே அதன் கருத்து. அமெரிக்காவில் 1974-இல் கைகாக்ஸ், ஆர்னசன் என்னும் இருவர், படையாட்ட மரபிலிருந்து வீரரும் மந்திரவாதியும் உலாவும் கதையாட்டத்தை வெளியிட்டனர். இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் வார்ஹாமர் என்னும் கற்பனைப் படையாட்டத்தை வெளியிட்டது. எம் மகன் கொணர்ந்தது அதன் எட்டாம் பதிப்பு, 2010-இல் வந்தது. அதன்பின் வேறு விதிகள் வந்துவிட்டன என்றாலும், கணக்குப் பழக இப்பதிப்பு மிக ஏற்றது.

அதில் மந்திரம் எவ்வாறு நடக்கிறது? ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அறுமுகப் பகடைகளை உருட்டுகிறார்கள். வரும் கூட்டுத்தொகையே அச்சுற்றில் மந்திரத்திற்குக் கிடைக்கும் பகடைகளின் எண்ணிக்கை. இதனை மந்திரக் காற்று என்று அழைக்கிறார்கள். ஏழு வருவது மிகுதி. இரண்டும் பன்னிரண்டும் அரிது. மாலுமி காற்றைப் பார்த்துப் பாய் விரிப்பதுபோல, மந்திரவாதி அப்பகடைகளைப் பங்கிட வேண்டும். ஒவ்வொரு மந்திரத்திற்கும் ஓர் எண் விலை. ஒன்று முதல் ஆறு பகடைகள் வரை உருட்டலாம். விழுந்த கூட்டுத்தொகையோடு மந்திரவாதியின் தரத்தைச் சேர்த்து விலையை எட்டினால் மந்திரம் பலிக்கும். பகைவன் அதனைத் தடுக்க முயல்வான். அக்கணக்கு வேறு, அதனை இப்போது விட்டுவிடுவோம்.

எம் திண்ணையில் ஒரு மாலை இப்படி ஒரு நிலை. கையில் ஆறு பகடைகள். நான்காம் தர மந்திரவாதி. மந்திரங்களின் விலை பத்து; ஆகவே பகடையில் ஆறோ அதற்கு மேலோ விழ வேண்டும். இரண்டிரண்டாக மூன்று மந்திரங்களை முயல்வதா? மும்மூன்றாக இரண்டை முயல்வதா? பிள்ளைகளிடையே பெரும் பூசல்.

தாளை எடுத்தோம். இரண்டு பகடைகள் விழும் வகை 36. அவற்றுள் ஐந்தும் அதற்குக் கீழும் 10. மீதி 26 வெற்றி. அதாவது நூற்றுக்கு 72. மூன்று பகடைகள் விழும் வகை 216. அவற்றுள் ஐந்தும் அதற்குக் கீழும் அதே 10 தான். மீதி 206 வெற்றி; நூற்றுக்கு 95. மூன்று முயற்சி, ஒவ்வொன்றும் 72: சராசரியாக 2.17 மந்திரங்கள் பலிக்கும். இரண்டு முயற்சி, ஒவ்வொன்றும் 95: சராசரியாக 1.91. ஆகவே மூன்றாகப் பிரிப்பதே மேல் என்று யாம் தீர்ப்புரைத்தோம்.

எம் மகன் பணிவோடு தலையசைத்தான். “அப்பா, விதிநூலில் இன்னொரு வரி இருக்கிறது. ஒரு மந்திரம் தவறினால் மந்திரவாதியின் மனம் சிதறிவிடும், அச்சுற்றில் அவர் மேற்கொண்டு முயல முடியாது” என்றான்.

கணக்கு அடியோடு மாறிற்று. முதல் முயற்சி தவறினால் அடுத்ததற்கு வழியே இல்லை. இரண்டிரண்டாகப் பிரித்தால் சராசரி 2.17 அன்று, 1.62 தான். மும்மூன்றாகப் பிரித்தால் 1.86. சற்றுமுன் தோற்ற வழி இப்போது வென்றது! ஒரே ஒரு விதியை மறந்தமையால் எம் தீர்ப்புத் தலைகீழாயிற்று. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, “அப்படியானால் மிக வேண்டிய மந்திரத்தை முதலில் சொல்ல வேண்டும், மாமா” என்றாள். அவள் சொன்னதே முடிந்த முடிபு. எது உயிரோ அதை முதலில் செய்; அதற்குத் தாராளமாகக் கொடு.

தாராளத்திற்கும் ஒரு விலை உண்டு. ஒரே உருட்டலில் இரண்டு ஆறுகள் விழுந்தால் மந்திரம் தடுக்க முடியாத வலிமை பெறும். அதே நேரத்தில் மந்திரவாதியையே திருப்பித் தாக்கும். இரண்டு பகடைகளில் இது நூற்றுக்கு 3 முறைகூட நேராது. மூன்றில் 7, நான்கில் 13, ஐந்தில் 20, ஆறில் 26. ஆத்திரத்தில் ஆறு பகடைகளையும் அள்ளி வீசுபவன் நான்கு முறைக்கு ஒருமுறை தன்னைத்தானே சுட்டுக்கொள்வான். பேராசைக்கு இவ்வளவு துல்லியமான கணக்கை யாம் வேறெங்கும் கண்டதில்லை.

கவற்றுக்கு நினைவில்லை

இனி, பெரியவர் அச்சத்தின் உண்மைப் பாதிக்கு வருகிறோம். இதனை இம்மன்றத்தில் முன்னர்ச் சொன்னதில்லை.

பணியில் சேர்வதற்கு முன், எமக்கு இருபது வயதை ஒட்டிய காலம். தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டு விற்பனை 2003-இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுகள் அவை. ஒற்றை எண் சீட்டில் கடைசி எண் சரியாக அமைந்தால் பரிசு. யாம் ஒரு குறிப்பேடு வைத்திருந்தோம். விழுந்த எண்களை நாள்தோறும் எழுதினோம். ஏழு என்னும் எண் இருபது குலுக்கல்களாக வரவில்லை. இனி வந்தே தீரும் என்று எம் அறிவு உரைத்தது. அன்று கடன் வாங்கிச் சீட்டு வாங்கினோம். வரவில்லை. மறுநாள் வாய்ப்பு இன்னும் கூடிவிட்டது என்று எண்ணினோம். எம் அன்னையாரின் தோடுகளை அடகுக் கடைக்குக் கொண்டுசென்றோம். அன்றும் ஏழு வரவில்லை.

அடுத்த திங்கள் உறவினர் திருமணம். அன்னையார் காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு பந்தியில் பரிமாறினார். கேட்டவர்களிடம், “தோடு பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன்” என்றார். எம்மை ஒரு சொல் கடிந்தாரில்லை. தாயக்கட்டையை மட்டும் அதன்பின் அவர் எடுக்கவே இல்லை. அத்தோடு மீளவும் இல்லை. அவர் மறைந்து ஆண்டுகள் ஆகின்றன.

எம் பிழை எங்கே இருந்தது? கவற்றுக்கு நினைவில்லை என்பதை அறியாமையில் இருந்தது. இருபது முறை வராத ஏழு, இருபத்தோராம் முறை வரும் வாய்ப்பு அதே பத்தில் ஒன்றுதான். ஓர் எண் இருபது குலுக்கல்களில் தொடர்ந்து வராதிருப்பதும் அதிசயமன்று. நூற்றுக்கு 12 முறை நேரக்கூடியதே. இக்கணக்கு அன்று தெரிந்திருந்தால் அக்குறிப்பேட்டை அடுப்பில் இட்டிருப்போம். மேலும், விற்ற பணம் முழுவதையும் பரிசாகத் திருப்பித் தந்தால் சீட்டு நடத்துபவர் எவ்வாறு பிழைப்பார்? தொடர்ந்து ஆடுபவர் தோற்பது தீயூழ் அன்று. அவ்வாட்டத்தின் அமைப்பே அது.

ஆகவே பெரியவருக்கு எம் விடை இது. ஐயா, எம்மைக் கெடுத்தது கவறு அன்று. கணக்கில்லாக் கவறும், அதன்மேல் வைத்த பணமும். கணக்கறியாப் பிள்ளையிடமிருந்து கட்டையைப் பிடுங்கினால், நாளை அவன் கைப்பேசியில் வரும் பணச்சூதுக்கு இரையாவான். பணமில்லாத் திண்ணையில் ஆயிரம் முறை தோற்றுப் பழகியவனை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.

சாளரத்தில் கற்ற பாடம்

ஒருநாள் சாளரத்தின் முன் ஒரு சகோதரி இரண்டு சிறு குழந்தைகளுடன் நின்றார். நெல்லையில் அவர் அன்னை உடல்நலம் குன்றிக் கிடந்தார். வானூர்திக்குப் பணமில்லை, கப்பலில் இடம் கிடைத்திருந்தது. ஏறத்தாழ மூன்று நாள் பயணம். “அண்ணா, கப்பல் சேரும் நாள் இரவு வண்டிக்குப் பதிவு செய்யட்டுமா, மறுநாள் வண்டிக்கா? இரண்டுக்கும் பணமில்லை” என்றார். அது மழைக்காலம்; கப்பல் பிந்துவது அரிதன்று. இரவு வண்டி தவறினால் சீட்டும் போகும், மறுநாள் இடமும் இராது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: போய்ச் சேர்வது. மும்மூன்றாகப் பிரித்த பகடைகள் எம் நினைவுக்கு வந்தன. மறுநாள் வண்டிக்கே பதிவு செய்து கொடுத்தோம்.

கப்பல் குறித்த நேரத்தில் சேர்ந்துவிட்டது. அவர் குழந்தைகளோடு ஓர் இரவும் பகலும் எழும்பூரில் காத்திருந்து நெல்லை சென்றார். அன்னையைக் கண்டார், நான்கு நாள் உடனிருந்தார், இறுதிக் கடனும் ஆற்றினார். திரும்பி வந்தபின் ஒருநாள், “அன்றிரவே சென்றிருந்தால் இன்னும் ஒருநாள் அம்மா முகத்தைப் பார்த்திருப்பேனே, அண்ணா” என்றார். எமக்கு விடை எழவில்லை.

பல நாள் எண்ணிப் பார்த்தோம். யாம் கூறியது தவறா? அன்று, அந்த நேரத்தில், தெரிந்தவற்றைக் கொண்டு முடிவு செய்தால் மீண்டும் அதையே கூறுவோம். நல்ல முடிவுக்குத் தீய விளைவும், தீய முடிவுக்கு நல்ல விளைவும் வரலாம். விழுந்த எண்ணைக் கொண்டு வீசியவனை அளக்கலாகாது. கவறு எமக்குக் கற்பித்தவற்றுள் கடினமான பாடம் இதுவே. அச்சகோதரியின் ஒருநாளை அப்பாடம் திருப்பித் தராது என்பதையும் யாம் அறிவோம்.

இன்னொன்று கூறி முடிக்கிறோம். 1881 டிசம்பர் 31, 1941 ஜூன் 26, 2004 டிசம்பர் 26 ஆகிய நாள்களில் இத்தீவுகளைப் பெரு நிலநடுக்கங்கள் உலுக்கின. கடைசியில் வந்த ஆழிப்பேரலை நிக்கோபாரில் செய்த அழிவை இங்கு அமர்ந்திருப்போருள் சிலர் கண்ணால் கண்டவர்கள். தேநீர்க் கடையில் ஒருவர் சொன்னார்: “அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. 2064 வரை கவலையில்லை.” எம் பரிசுச் சீட்டுக் குறிப்பேடே வாய் திறந்து பேசியதுபோல் இருந்தது! மூன்று வீச்சைக் கண்டு நான்காவதை உரைக்க யாராலும் இயலாது. நிலம் கவறு அன்று. அதன் அடியில் விசை சேர்வதும் தீர்வதும் உண்டு. அதனை அறிஞர் ஆராய்கின்றனர். ஆயினும் இன்ன நாளில் வரும் என்றோ, இன்ன நாள்வரை வாராது என்றோ கூறவல்ல கணக்கு இன்றுவரை எவரிடமும் இல்லை. ஐதராபாத்தில் 2007-இல் தொடங்கிய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஆருடம் கூறுவதில்லை; கடலடி நிலம் அதிர்ந்தபின் கணித்து விரைந்து அறிவிக்கிறது. நிலம் நெடுநேரம் கடுமையாக அதிர்ந்தால் அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டு நிலத்திற்கு ஏறிவிடுங்கள். பத்து முறை வீணாக ஏறினாலும் நட்டமில்லை. பதினோராவது முறை ஏறாமல் இருப்பதற்குத்தான் விலை பெரிது. எது உயிரோ, அதற்குத் தாராளமாகக் கொடு என்று அச்சிறுமி சொன்னது இங்கும் பொருந்தும்.

ஆகவே சங்கத்தாருக்கு எம் வேண்டுகோள் மூன்று. தாயப் போட்டி நடக்கட்டும். காசு மட்டும் எந்த வடிவிலும் பலகையருகே வரக்கூடாது என்று விதி செய்யுங்கள். பலகைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வையுங்கள். அந்தப் பதினாறு வகைகளையும் பிள்ளைகளே எழுதட்டும். பித்தளைத் தாயக்கட்டை ஓர் இணையை யாம் சங்கத்திற்கு அளிக்கிறோம். அவை எம் அன்னையாருடையவை. தோடு போனபின் அவர் தொடாமல் வைத்திருந்தவை. முதல் வீச்சை எதிர்த்துப் பேசிய அப்பெரியவரே வீசித் தொடங்கி வைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அவருக்குத் தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. விழாவிட்டால் அவர் கையைக் குறை சொல்ல மாட்டோம்.